தொலைக்காட்சிப் பட்டாளமும் நிஜப் பட்டாளமும்

விண்வெளிக் கதைகள் என்றாலே என் வயதுக்காரர்களுக்கு அது பேரப்பிள்ளைகள் சமாசாரம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு, பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற டிவிடிகளில் ‘ஸ்டார்கேட் எஸ்ஜி-1’ என்ற அமெரிக்கத் தொடரைப் பிரெஞ்சுக் குரலில் பார்க்க ஆரம்பித்தேன். கதையைவிட அதில் வரும் பட்டாளம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

காரணம் உண்டு. புதுச்சேரியில் நான் வளர்ந்த தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தாக்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். சண்டைப் படம் பார்த்துவிட்டு வந்தால் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ‘அவன் துப்பாக்கி பிடித்த விதம் தப்பு, கர்னலிடம் எவனாவது அப்படிப் பேசுவானா’ என்பதுதான் அவர்கள் விமர்சனம். பட்டாளத்தான் கண்ணுக்குப் பொய் எங்கே இருக்கிறது என்று அவர்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த வகைத் தொடர்களில் முதலில் பேர் வாங்கியது 1966-இல் வந்த ‘ஸ்டார் டிரெக்’. அதை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். கப்பல், கேப்டன், லெப்டினன்ட் என்று பதவிகளெல்லாம் கடற்படை முறையில் இருக்கும். ஆனால் புதிய கிரகம் ஒன்று தென்பட்டால் கேப்டனும் அவருக்கு அடுத்த அதிகாரியும் சேர்ந்தே இறங்கிவிடுவார்கள். இருவரும் செத்தால் கப்பலை யார் நடத்துவது? எந்தக் கடற்படையும் இதை அனுமதிக்காது. 1987-இல் வந்த புதிய தொடரில் இதைத் திருத்தப் பார்த்தார்கள். கேப்டன் கப்பலில் இருப்பார், முதல் அதிகாரி இறங்குவார். இருபது வருடம் கழித்தாவது தப்பை ஒத்துக்கொண்டார்கள்.

‘ஸ்டார்கேட்’ 1997-இல் தொடங்கி 2007 வரை பத்து பருவங்கள், 214 அத்தியாயங்கள் ஓடியது. எகிப்தில் தோண்டியெடுத்த ஒரு வளையம், அதன் வழியாக வேறு கிரகங்களுக்குப் போகும் நால்வர் குழு. வளையம் இருப்பது கொலராடோ மாநிலத்தில் ஷையன் மலைக்கு அடியில். அந்த மலையும், அதற்குள் குடைந்த ராணுவ நிலையமும், 25 டன் எடையுள்ள அதன் இரும்புக் கதவுகளும் நிஜம். வளையம் மட்டும்தான் கற்பனை. அங்கே வேலை பார்த்தவர்கள் வேடிக்கையாக ஒரு துடைப்ப அறைக் கதவில் ‘ஸ்டார்கேட் கமாண்ட்’ என்று பலகை மாட்டிவைத்தார்களாம்.

இந்தத் தொடருக்கு அமெரிக்க விமானப்படை முழு ஒத்துழைப்புக் கொடுத்தது. கதைவசனத்தை விமானப்படையின் செய்தித் தொடர்பு அலுவலகம் படித்துப் பார்க்கும். சீருடை, பட்டை, வணக்கம் வைக்கும் முறை எல்லாவற்றிலும் திருத்தம் சொல்லும். விமானப்படையின் தலைமைத் தளபதிகளாக அடுத்தடுத்து இருந்த மைக்கேல் ரையன், ஜான் ஜம்பர் இருவருமே தத்தம் வேடத்தில் ஒவ்வொரு அத்தியாயத்தில் தோன்றினார்கள். கர்னல் ஓநீலாக நடித்த ரிச்சர்ட் டீன் ஆண்டர்சனுக்கு 2004-இல் கௌரவ பிரிகேடியர் ஜெனரல் பட்டமும் கிடைத்தது.

ஆயுதங்களுக்கு வருகிறேன். முதல் பருவங்களில் குழுவினர் ஜெர்மன் எம்பி-5 வைத்திருப்பார்கள். பிறகு பி-90 வந்தது. இது பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்குப் பக்கத்திலுள்ள எர்ஸ்தால் என்ற ஊரில் இருக்கும் ‘பாப்ரிக் நசியோனால்’ தயாரிப்பு. பார்ப்பவர்கள் இதை எதிர்காலத்துக்காகக் கற்பனை செய்த பொம்மை என்று நினைப்பார்கள். உண்மையில் 1990 முதல் தயாரிப்பில் உள்ள துப்பாக்கி. 50 தோட்டா கொண்ட பெட்டி குழலுக்கு மேலே படுத்திருக்கும். வெற்றுக் கூடுகள் கீழ்நோக்கி விழும். பக்கத்தில் நிற்கும் நடிகர் முகத்தில் சூடான பித்தளை தெறிக்காது என்பது படப்பிடிப்புக்கு வசதி. நிமிடத்துக்குச் சுமார் 900 தோட்டா வேகம். கணக்குப் போட்டால் விசையை விடாமல் அழுத்தினால் மூன்றரை நொடிக்குள் பெட்டி காலி. தொடரில் சில சமயம் அதையும் தாண்டிச் சுடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஐந்தாவது பருவத்தில் ஒரு காட்சி. எதிரிகளின் ஆயுதம் நெருப்பு கக்கும் நீளமான கோல். பார்க்கப் பயமாக இருக்கும், குறி சரியாக இருக்காது. பி-90-ஐக் கையில் வைத்துக்கொண்டு கர்னல் விளக்குகிறார்: உங்கள் கோல் எதிரியை மிரட்டுவதற்காகச் செய்தது, இது எதிரியைக் கொல்வதற்காகச் செய்தது. பிறகு கார்ட்டர் என்ற பெண் அதிகாரி சுட்டுக் காட்டுகிறார். எங்கள் தெரு சொல்தாக்கள் இருந்திருந்தால் அன்றைக்குத் தலையாட்டியிருப்பார்கள்.

ஆனால் துப்பாக்கியைச் சரியாகக் காட்டுவது சுலபம். வாடகைக்கு எடுத்தால் போதும். கஷ்டமானது விதியைச் சரியாகக் காட்டுவது. கர்னல் ஓநீலுக்கும் கார்ட்டருக்கும் இடையே ஒரு பிரியம் வளர்கிறது. இப்படிப்பட்ட நெருக்கத்துக்கு ராணுவத்தில் ‘பிரட்டர்னைசேஷன்’ என்று பேர். எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்த ‘பிரத்தெர்னித்தே’ என்ற சகோதரத்துவமும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஊருக்கு நல்லதாக இருக்கும் சொல் பாசறைக்குள் போனதும் குற்றமாகிவிடுகிறது.

கறாராகச் சொன்னால் அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் குற்றம் அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் இடையிலான உறவைப் பற்றியது. இவர்கள் இருவரும் அதிகாரிகள். தடை எங்கே வருகிறதென்றால், ஒருவர் மற்றவருக்கு நேரடி மேலதிகாரி. ‘நீ போய்ச் சாக வேண்டிய இடத்துக்குப் போ’ என்று ஆணையிட வேண்டியவர் அவர். பிரியம் இருந்தால் அந்த ஆணை வாயிலிருந்து வருமா? வந்தால் மற்ற வீரர்கள் நம்புவார்களா? நான்காவது பருவத்தில் பொய் கண்டறியும் கருவி முன் இருவரும் உண்மையைச் சொல்லவேண்டி வருகிறது. அவளை விட்டுவிட்டுப் போக முடியாமல் தான் நின்றதற்குக் காரணம் கடமை மட்டுமல்ல என்று கர்னல் ஒப்புக்கொள்கிறார். அந்தப் பேச்சு அந்த அறையோடு இருக்கட்டும் என்று முடிவு செய்து வெளியே வருகிறார்கள். அதற்குப் பிறகும் வருடக்கணக்காக விதியை மீறவில்லை.

ஆங்கிலத்தில் இதை மறைப்பது எளிது. எல்லோருக்கும் ஒரே ‘யூ’. பிரெஞ்சிலோ ‘து’, ‘வூ’ என்று இரண்டு. தமிழில் நீ, நீங்கள். ‘வூ’ என்பது ஒரு தடவை ‘து’ ஆகிவிட்டால் சாட்சியே வேண்டாம், அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

இன்னொரு தொடர் 2004-இல் வந்த ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’. உருவாக்கிய ரொனால்ட் மூர் கல்லூரி நாட்களில் கடற்படைப் பயிற்சியில் இருந்தவர். அந்தப் போர்க்கப்பலில் ஒளிக்கதிர்த் துப்பாக்கி கிடையாது, தோட்டாவும் ஏவுகணையும்தான். பேசுவதற்குச் சுருள் கம்பி போட்ட பழைய டெலிபோன். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க விடமாட்டேன் என்று தளபதி அடாமா பிடிவாதமாக இருந்ததால்தான் எதிரிகளால் அந்தக் கப்பலுக்குள் ஊடுருவ முடியவில்லை.

அதில் விமானங்களைப் பராமரிக்கும் தலைமைத் தொழிலாளி டைரலுக்கும் லெப்டினன்ட் பூமருக்கும் உறவு. இதுதான் சட்டம் சொல்லும் அசல் குற்றம். மேலே எல்லோருக்கும் தெரியும். கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். ஒருநாள் கப்பலுக்குள் குண்டு வெடிக்கிறது. விசாரணை நடக்கிறது. இவர்களைக் காப்பாற்ற சோசினஸ் என்ற இளம் தொழிலாளி, கதவைத் திறந்துவைத்தது நான்தான் என்று பொய் சொல்லிச் சிறைக்குப் போகிறான். மனம் கேட்காமல் டைரல் தளபதியிடம் போய் உண்மையைச் சொல்கிறான். தளபதியோ, பையன் விசாரணையில் பொய் சொன்னான், அவன் உள்ளேயே இருக்கட்டும். நீ இல்லாவிட்டால் என் விமானங்கள் பறக்காது, நீ வேலைக்குப் போ என்கிறார்.

அந்தக் காட்சி முடிந்ததும் நான் டிவியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடத்துக்கும் மேல் அரசாங்க மேசையில் உட்கார்ந்தவன் நான். கோப்பு ஒன்று காணாமல் போனபோது, தவறு நடந்தது மேல்மட்டத்தில். ‘மெமோ’ வாங்கியது கடைநிலை ஊழியர் ஒருவர். அவர் யாரையோ காப்பாற்ற வாயைத் திறக்கவில்லை. தலைமை எழுத்தர் இல்லாமல் அலுவலகம் ஓடாது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ‘மெமோ’வைத் தட்டச்சு செய்தது நான்தான்.

விமானப்படை பார்த்து ஒப்புதல் கொடுத்த தொடரில் துப்பாக்கி, சீருடை, மலைக்கதவு எல்லாம் சரியாக இருந்தது. யாருடைய ஒப்புதலும் தேவைப்படாத தொடரில்தான் விதியின் பாரம் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்று காட்ட முடிந்தது. முதலாவதைப் பார்த்து ரசித்தேன். இரண்டாவதில் எனக்குத் தெரிந்த மனிதர்களைப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.