கரியும் சிலேட்டும் காத்த மொழி

ஆலையும் ரயிலும் நுழைந்த நாட்டில் சிறிய மொழி நிலைக்காது என்பது ஐரோப்பிய வரலாற்றைப் படிப்போர் பலரும் எட்டும் முடிவு. வேல்ஸின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு அந்த முடிவுக்கு எளிதில் அடங்குவதில்லை. 1801இல் அந்நாட்டின் மக்கள்தொகை 6 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. 1851இல் அது 11½ லட்சத்தைக் கடந்துவிட்டது. அதற்குள் உழவை நம்பி வாழ்ந்தவர்களைவிட மற்றத் தொழில்களை நம்பி வாழ்ந்தவர்கள் பெருகிவிட்டார்கள். இவ்வளவு வேகமாக மாறிய நாட்டில்தான் வெல்ஷ் மொழி அச்சிலும் மேடையிலும் இசையிலும் அதுவரை காணாத செழிப்பைக் கண்டது.

இதற்குப் பொருளியல் அறிஞர் பிரின்லி தாமஸ் சொன்ன விளக்கம் புகழ்பெற்றது. அயர்லாந்தின் ஏழைக்குப் பிழைப்பு தேடக் கடல் கடக்க வேண்டியிருந்தது; அவனுடைய மொழியும் அவனோடு கப்பலேறிக் கரைந்தது. வேல்ஸின் ஏழைக்கோ இரண்டு மூன்று நாள் நடைத் தொலைவில், தன் நாட்டு எல்லைக்குள்ளேயே, கூலி கிடைத்தது. அங்கே அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தவர்களும் அவன் மொழியையே பேசினார்கள். இந்த விளக்கத்தை மறுப்பவர்களும் உண்டு. விக்டோரியா ஆட்சியின் நடுப்பகுதியை, அதாவது 1850க்கும் 1875க்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டை, சற்று நெருங்கிப் பார்த்தால் இரு தரப்பின் நியாயமும் விளங்கும்.

இரும்பு நகரம்

1851இல் வேல்ஸின் மிகப் பெரிய ஊர் கார்டிஃப் அல்ல, மெர்த்தர் டிட்வில். கார்டிஃபில் 18,000 பேர் வாழ்ந்தபோது மெர்த்தரில் சுமார் 46,000 பேர் இருந்தார்கள். இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் அருகருகே கிடைத்த மலைப்பகுதி அது. அங்கிருந்த டௌலைஸ் இரும்பாலையில் 1845இல் 18 ஊதுலைகள் எரிந்தன. உழைத்தவர்கள் 7,000க்கும் மேற்பட்டவர்கள். உலகமெங்கும் ரயில் பாதை போடப்பட்ட காலம் அது. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் தண்டவாளங்கள் இங்கிருந்து போயின.

டௌலைஸ் உரிமையாளர் ஜான் ஜோசையா கெஸ்டின் மனைவி சார்லட் கெஸ்ட் ஆங்கிலப் பிரபு குடும்பத்துப் பெண். வெல்ஷ் மொழியைக் கற்று, அம்மொழியின் இடைக்காலக் கதைகளை ‘மபினோகியன்’ என்ற பெயரில் 1838 முதல் 1849 வரை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். 1852இல் கணவர் இறந்தபின் ஆலையின் பொறுப்பையும் ஏற்றார். ஆலைச் சொந்தக்காரர் வீட்டிலேயே தொழிலாளியின் மொழிக்கு மதிப்பு இருந்ததென்றால், அம்மொழிக்கு அங்கிருந்த இடத்தை ஊகிக்கலாம்.

ஆனால் தொழிலாளிக்குக் கிடைத்த ஊர் நரகம். எரியும் உலையில் உருகிய வார்ப்பிரும்பை நீண்ட கம்பியால் கிளறிக் கிளறித் தேனிரும்பாக்கியவன், வீடு திரும்பினால் சாக்கடையும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. பெண்கள் ஊற்றுகளில் மணிக்கணக்கில் குடத்தோடு காத்துக் கிடந்தார்கள். 1849இல் பரவிய காலரா மெர்த்தரில் 1,400க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மறு ஆண்டு வந்த ஆய்வாளர் ராமெலின் சுகாதார அறிக்கை ஊரின் நிலையை அரசின் முன் வைத்தது. நகராட்சித் தகுதியோ மெர்த்தருக்கு 1905இல்தான் கிடைத்தது.

இரும்பின் காலமும் நிலைக்கவில்லை. எஃகு செய்யும் பெஸமர் முறைக்கு டௌலைஸ் 1856இலேயே உரிமம் பெற்று, 1865இல் எஃகு உற்பத்தியைத் தொடங்கியது. எஃகுக்கு மாறத் தயங்கிய அண்டை ஆலை சைஃபார்த்ஃபாவின் உலைகள் 1870களின் நடுவில் அணைந்தன.

கரியும் துறைமுகமும்

இரும்பு தளர்ந்தபோது கரி எழுந்தது. தெற்கு வேல்ஸின் நீராவிக் கரி அதிக வெப்பம் தரும். புகை மிகக் குறைவு. பிரிட்டிஷ் கடற்படைக்காக நடந்த சோதனைகளில் அதன் மேன்மை நிலைநாட்டப்பட்டது. புகை எழுந்தால் எதிரி தொலைவிலிருந்தே கப்பலைக் கண்டுகொள்வான் என்பதால் போர்க்கப்பலுக்கு அது முதல் தேர்வாயிற்று. நீராவிக் கப்பல்கள் பெருகியபோது ஏடன், கொழும்பு போன்ற கரி நிரப்பும் துறைமுகங்களிலும் வேல்ஸின் கரி குவிந்தது.

1839இல் பியூட் பிரபு கார்டிஃபில் கப்பல் துறை அமைத்தார். புரூனல் வகுத்த டாஃப் வேல் ரயில் பாதை 1841இல் மெர்த்தரைக் கடலோடு இணைத்தது. 1855இல் ரொந்தா பள்ளத்தாக்கின் தலைப்பகுதியிலிருந்து முதல் நீராவிக் கரி கார்டிஃபுக்கு இறங்கியது. ஆடு மேய்ந்த பள்ளத்தாக்கு அது. அதன் பெரும்பகுதியை உள்ளடக்கிய வட்டத்தில் 1851இல் ஆயிரம் பேர்கூட இல்லை. 1871இல் சுமார் 17,000 பேர். மலைச்சரிவில் ஒரே சுவரைப் பகிர்ந்து நீளும் வீட்டு வரிசைகளில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் கார்டிகன், கார்மார்தன் முதலிய வெல்ஷ் பேசும் வட்டங்களின் சிறு உழவர் பிள்ளைகள். நிலம் போதாமல் கிளம்பியவர்கள் மொழியை மூட்டையிலேயே கொண்டுவந்தார்கள்.

அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1856இல் சிம்மர் சுரங்கத்தில் வாயு வெடித்து 114 பேர் மாண்டார்கள். வழக்கில் நிறுத்தப்பட்ட நிர்வாகிகள் விடுதலையானார்கள். 1860இல் ரிஸ்காவில் 140க்கும் மேற்பட்டோர். 1867இல் ஃபெர்ன்டேலில் 178 பேர். காற்றோட்டம் போதாத ஆழத்தில் தேங்கிய வாயுவும் காற்றில் மிதந்த கரித்தூளும் சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

மேற்கே ஸ்வான்ஸீ செம்பின் நகரம். ஒரு பங்கு தாதுவை உருக்க அதைவிடப் பல மடங்கு கரி வேண்டும். எனவே தாதுதான் கரியைத் தேடி வந்தது. சிலியிலிருந்து ஹார்ன் முனையைச் சுற்றியும், கியூபாவிலிருந்தும், ஆஸ்திரேலியாவிலிருந்தும் தாதுக் கப்பல்கள் வந்தன. ஆலைகளின் கந்தகப் புகை சுற்றுக் குன்றுகளில் புல்லையும் விட்டுவைக்கவில்லை.

மலையைப் பிளந்தவர்கள்

வடக்கு வேல்ஸின் கதை கொஞ்சம் வேறு. அங்கே தொழில் சிலேட்டுக்கல். தொழிற்புரட்சி வளர்த்த நகரங்களுக்கெல்லாம் கூரை வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவை பெதஸ்தாவின் பென்ரின் குவாரி, லான்பெரிஸின் டினார்விக் குவாரி, பிளைனை ஃபெஸ்டினியோகின் நிலத்தடிக் குடைவுகள். பென்ரின் குவாரிக்கு உரிய பென்னன்ட் குடும்பத்தின் செல்வம் ஜமைக்காவில் அடிமைகளைக் கொண்டு நடத்திய கரும்புத் தோட்டங்களில் தொடங்கியது. அப்பணமே மலையைக் குடையும் முதலாயிற்று.

குவாரியில் வேலை ‘பேரம்’ என்ற முறையில் நடந்தது. மாதத் தொடக்கத்தில் மேலாளர் பாறை முகப்பைச் சுற்றிவருவார். சில கெஜ அகலமுள்ள ஒரு முகப்பை மூன்று நான்கு பேர் கொண்ட குழு எடுத்துக்கொள்ளும். பாறை நல்லதா கெட்டதா என்று பார்த்து, பிளக்கும் சிலேட்டுக்கு என்ன விலை என்று அங்கேயே பேசி முடிப்பார்கள். குழுவில் இருவர் கயிற்றைத் தொடையில் சுற்றிச் செங்குத்துப் பாறையில் தொங்கியபடி துளையிட்டு வெடி வைப்பார்கள். ஒருவர் கொட்டகையில் உட்கார்ந்து அகன்ற மெல்லிய உளியால் கல்லை ஏடு ஏடாகப் பிளப்பார். வெடிமருந்துக்கும் கயிற்றுக்கும் உளி தீட்டுவதற்கும் ஆகும் செலவு குழுவினுடையது. மேலாளரின் தயவு இல்லாதவனுக்கு மோசமான பாறைதான் வாய்க்கும். ஆனாலும் குவாரிக்காரன் தன்னைக் கூலியாளாக எண்ணவில்லை. பேரம் பேசித் தொழில் செய்பவனாகவே எண்ணினான். 1874இல் வடக்கு வேல்ஸ் குவாரித் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் போராட்டங்களின் உள்ளே இருந்தது இந்தத் தன்மதிப்புதான்.

மதிய உணவுக்கு அவர்கள் கூடிய குடிலுக்குக் ‘கபன்’ என்று பெயர். தேநீரும் ரொட்டியும் முடிந்ததும் தலைவர் ஒருவரின் கீழ் அவை கூடும். ஞாயிறன்று கேட்ட பிரசங்கம், நாடாளுமன்றச் செய்தி, செய்யுள், இசை எல்லாம் அங்கே அலசப்பட்டன; நோயுற்ற தோழனுக்குக் காசும் சேர்க்கப்பட்டது. இவையனைத்தும் வெல்ஷ் மொழியில் நடந்தன. முதலாளியின் நிலத்தில், முதலாளியின் மணியோசைக்கு இடையில், தொழிலாளி நடத்திக்கொண்ட கல்விக்கூடம் இது.

பிளந்த சிலேட்டைக் கடலுக்குக் கொண்டுபோக 1836இல் ஃபெஸ்டினியோக் ரயில் பாதை திறக்கப்பட்டது. பாதையின் அகலம் ஏறத்தாழ 2 அடி. சிலேட்டு வண்டிகள் சரிவில் தாமாகவே போர்த்மாடாக் துறைமுகத்துக்கு உருண்டிறங்கும். கூடவே ஒரு வண்டியில் நின்றபடி பயணம் செய்யும் குதிரைகள் காலி வண்டிகளைத் திரும்ப இழுத்துவரும். 1863இல் நீராவி எஞ்சின் வந்தது. ஃபேர்லி வடிவமைத்த இரட்டை எஞ்சினின் திறனை நேரில் பார்க்க 1870இல் ரஷ்யா உட்படப் பல நாட்டுப் பொறியாளர்கள் அந்த மலையோரத்தில் வந்து கூடினார்கள். மலைநாடுகளுக்குக் குறுகிய பாதையே போதும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவ அது காரணமாயிற்று.

காசு சேர்த்துக் கட்டிய உலகம்

1847இல் அரசு நியமித்த மூன்று ஆணையர்கள் வேல்ஸின் கல்வி பற்றி நீல அட்டைத் தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டார்கள். மூவருக்கும் வெல்ஷ் தெரியாது. பள்ளிகளின் மோசமான நிலையைப் பற்றி அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அதோடு நிற்காமல், மக்களின் மொழியே முன்னேற்றத்துக்குத் தடை என்றார்கள். பெண்களின் ஒழுக்கத்தையும் பழித்தார்கள். நாடே கொதித்தது. அந்தக் காயத்துக்கு மக்கள் சொல்லிய பதிலே அடுத்த கால் நூற்றாண்டின் பண்பாடு.

பதிலின் நடுவில் நின்றவை ஜெபக்கூடங்கள். 1851ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று நடந்த சமயக் கணக்கெடுப்பில், வழிபாட்டுக்குச் சென்றவர்களில் பெரும் பங்கினர் அரசின் ஆங்கிலிகன் திருச்சபையை விட்டு விலகிய மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல் சபையினர் என்று தெரிந்தது. கட்டடம் எழுப்பியதும் போதகருக்குச் சம்பளம் தந்ததும் தொழிலாளியின் பென்னிகள். ஞாயிறு பள்ளியில் குழந்தைகளோடு பெரியவர்களும் தாய்மொழியில் படிக்கக் கற்றார்கள். அந்தப் பென்னிகள் அறிக்கைக்கு முன்பே இந்தியாவையும் எட்டியிருந்தன: 1841இல் வெல்ஷ் மெதடிஸ்ட் போதகர் தாமஸ் ஜோன்ஸ் சிரபுஞ்சிக்கு வந்து, வெல்ஷ் எழுத்துக்கூட்டலை ஒட்டி காசி மொழிக்கு ரோமன் எழுத்து முறையை வகுத்தார்.

படிக்கத் தெரிந்தவர்களுக்குப் படிக்க நூல் வேண்டும். டென்பி நகரின் அச்சகத்தார் தாமஸ் கீ நடத்திய ‘பானர்’ இதழ் வடக்கின் வீடுகளிலெல்லாம் வாசிக்கப்பட்டது. அவர் 1850களில் தொடங்கிய வெல்ஷ் கலைக்களஞ்சியம் 1879இல் 10 தொகுதிகளாக நிறைவுற்றது. அரசின் ஆதரவோ பல்கலைக்கழகமோ இல்லாத மொழியில் அது வந்தது.

இசையிலும் இதே கதை. ஸ்வரங்களை நம் ச-ரி-க-ம போல எழுத்துகளால் குறிக்கும் டானிக் சோல்ஃபா முறை 1860களில் பரவியது. பியானோ வாங்க வசதியில்லாத சுரங்கத் தொழிலாளியும் அதனால் ஹாண்டலின் கூட்டிசையைப் பார்த்துப் பாடினார். கொல்லராகத் தொழில் கற்ற கிரிஃபித் ரீஸ் ஜோன்ஸ், மக்கள் அழைத்த பெயரில் கராடாக், பள்ளத்தாக்குகளிலிருந்து திரட்டிய பெரும் பாடகர் குழுவை லண்டன் கிரிஸ்டல் பேலஸுக்கு நடத்திச்சென்று 1872, 1873 ஆகிய இரு ஆண்டுகளிலும் பரிசு வென்றார். வேல்ஸின் நாட்டுப்பண்ணும் இக்காலத்ததே. 1856இல் பான்டிபிரித் ஊரில் கம்பளி நெசவாளர் இவான் ஜேம்ஸ் எழுத, மகன் ஜேம்ஸ் ஜேம்ஸ் இசையமைத்தார்.

அதிகாரத்தோடு மோதல்

மொழியும் கூலியும் ஒரே வழக்காக மாறிய இடம் மோல்ட். 1869இல் அவ்வூர் அருகே ஒரு சுரங்கத்தின் ஆங்கில மேலாளர், நிலத்தடியில் வெல்ஷ் பேசக்கூடாது என்று தடை போட்டார், கூலியையும் குறைத்தார். கொதித்த தொழிலாளர்களில் இருவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட ஜூன் 2 அன்று கூட்டம் கல்லெறிந்தது. படையினர் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டில், விரிந்த வாக்குரிமையைப் பயன்படுத்தி மெர்த்தர் மக்கள் அமைதி இயக்கத் தலைவர் ஹென்றி ரிச்சர்டை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மேற்கு மாவட்டங்களில் நிலக்கிழாரை எதிர்த்து வாக்களித்த குத்தகையாளர்கள் சிலர் நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள். 1872இன் இரகசிய வாக்குச் சட்டத்துக்கு வலுச் சேர்த்த சான்றுகளில் அவர்களின் கதையும் ஒன்று. அதே ஆண்டில் அபெரிஸ்ட்வித் கடற்கரையில், கட்டி முடியாத ஒரு ஓட்டல் கட்டடத்தில், வேல்ஸின் முதல் பல்கலைக்கழகக் கல்லூரி 26 மாணவர்களோடு தொடங்கியது. அதைத் தாங்கியதும் பல்லாயிரம் எளியவர்களின் சில்லறைக் காசு.

கணக்கின் மறுபக்கம்

1865இல் பாலா ஊரின் போதகர் மைக்கேல் டி. ஜோன்ஸின் முயற்சியால் சுமார் 150 பேர் ‘மிமோசா’ கப்பலில் அர்ஜென்டினாவின் பேட்டகோனியாவுக்குப் போனார்கள். வெல்ஷ் மொழி தழைக்கத் தனி நாடு வேண்டும் என்பது அவர்கள் கனவு. துணிச்சலான முயற்சிதான். ஆனால் அதே ஆண்டுகளில் ரொந்தாவுக்கு நடந்துபோன ஆயிரக்கணக்கானோர், எந்தக் கனவும் அறிவிக்காமல், மொழிக்கு அதைவிடப் பெரிய இடம் பிடித்துக் கொடுத்தார்கள்.

1911 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவு. ஆங்கிலேயர் பெருமளவில் குடியேறியதும், 1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு ஆங்கிலப் பள்ளிகள் பெருகியதும் அதற்குக் காரணங்கள். தாமஸை மறுப்பவர்கள் காட்டும் சான்று இது. ஆனால் எண்ணிக்கையில் வெல்ஷ் பேசுவோர் சுமார் 9.77 லட்சம் பேர். 1801இல் வேல்ஸில் இருந்த மொத்த மக்களைவிட அதிகம். 1920களில் கரித்தொழில் சரிந்து லட்சக்கணக்கானோர் இங்கிலாந்துக்கு வேலை தேடிப் போனபோது அந்த எண்ணிக்கையும் வீழ்ந்தது. பிழைப்பு உள்ளூரில் இருந்தவரை மொழி பெருகியது, பிழைப்பு வெளியேறியதும் அது சுருங்கியது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

ஆயினும் கூலி மட்டும் அந்த மொழியைக் காத்துவிடவில்லை. கூலியின் ஒரு பகுதியை ஜெபக்கூடத்துக்கும் இதழுக்கும் பாடகர் குழுவுக்கும் கல்லூரிக்கும் கொடுத்த மக்களே காத்தார்கள். அவர்கள் கைக்கு எட்டாமல் நின்றவை சுரங்க அலுவலகம், நீதிமன்றம், அரசுப் பள்ளி. அம்மூன்றும் ஆங்கிலத்திலேயே நடந்தன. தொழில் தளர்ந்த பின் வெல்ஷ் மொழி தடுமாறியதற்கான காரணத்தை, அம்மொழி பெருமையோடு வாழ்ந்த இந்தக் கால் நூற்றாண்டிலேயே தேட வேண்டும்.