ஐதர் அலியின் இறுதிப் போர் புகட்டும் பாடங்கள்

பிச்சாட்டூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், சித்தூருக்கும் சென்னைக்கும் போய்வரும் வழிகளில் முன்னொரு காலத்தில் பெரும்படைகள் நடந்தன என்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. 1780-ஆம் ஆண்டில் மைசூர் ஐதர் அலி கும்பினியார்மீது தொடுத்த போரில், வாள்வலியினும் மிக்கு நின்றவை மூன்று: செய்தி, உணவு, தலைமை.

முதலில் செய்தியை நோக்குவோம். 1780 ஆகஸ்டு 25-ஆம் நாள் கர்னல் பெய்லி குண்டூர்ப் படையுடன் வந்து, நாம் சென்னை செல்கையில் கடக்கும் கொசத்தலையாற்றின் வடகரையில் தங்கினார். அன்றே கடந்திருக்கலாம், கடக்கவில்லை. இரவில் வெள்ளம் பெருகிற்று. ஒரு வாரத்திற்கு மேல் வீணாயிற்று. பின்னர், காஞ்சியிலிருந்த தளபதி ஹெக்டர் மன்றோவுக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 15 மைல்தான் இருந்தது. ஆயினும் ஐதரின் ஒற்றர்கள் அனைத்தையும் அறிந்து சொல்ல, மன்றோ ஒன்றும் தெளியாது நின்றார். செப்டம்பர் 10-இல் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. மன்றோ பெரும்பீரங்கிகளைக் கோயிற்குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

அடுத்தது உணவு. 1781-இல் சர் அயர் கூட் பரங்கிப்பேட்டை, பொள்ளிலூர், சோளிங்கர் ஆகிய மூன்று களங்களிலும் ஐதரைப் பின்வாங்கச் செய்தார். ஆனால் துரத்திச் செல்ல அவருக்கு இயலவில்லை. பொதிமாடும் இல்லை, அரிசியும் இல்லை. ஐதரின் குதிரைப்படை ஊர்களையும் விளைச்சலையும் முன்னரே எரித்திருந்தது. ஆகவே சோளிங்கர் வெற்றிக்குப் பின் கூட் நெல் தேடி வடக்கே, நமக்கு அண்மையிலுள்ள கார்வேட்டிநகரத்துப் பொம்மராசர் பாளையத்தினுள் புகுந்தார். அங்குத் திரட்டிய தானியத்தின் துணையால் நவம்பரில் வேலூர்க் கோட்டையின் பசி தீர்ந்தது. எரித்தவர் ஒருவர், எடுத்தவர் வேறொருவர். இழந்தவன் மட்டும் இருமுறையும் உழவனே.

மூன்றாவது தலைமை. 1782 டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில் ஐதர் உயிர் நீத்தார். மைந்தர் திப்புவோ தொலைவில் மலையாளக் கரையில் இருந்தார். அமைச்சர் பூர்ணையாவும் கிருஷ்ணராவும் இறப்பை மறைத்தனர். உடலைப் பேழையில் இட்டு, கருவூலப் பொருள்போலக் கோலாருக்கு அனுப்பினர். திப்புவிடம் தூதர் விரைந்தனர். அவர் வந்து சேரும்வரை ஏறத்தாழ ஒரு திங்கள் படை கலையாது நின்றது. சென்னையிலோ, உடனே தாக்குக என்றார் ஆளுநர் மெக்கார்ட்னி. தளபதி ஸ்டூவர்ட் இசைந்திலர். தலைவன் மாண்ட பாசறையில் ஆணை ஒன்றாயிருந்தது. தலைவர் இருவர் வாழ்ந்த கோட்டையில் ஆணையே இல்லாது போயிற்று.

வெற்றிகளைத் தளபதிகளின் பெயரால் வரலாறு எழுதுகிறது. செய்தி சுமந்து ஓடியவர், மாடு ஓட்டியவர், களஞ்சியத்தை இழந்தவர் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்கள் வாழ்ந்த மண்ணிலேயே நாமும் உண்டு உறங்கி வாழ்கின்றோம். ஆண்டு விழாவிற் கூடும் இந்நாளில் அவர்களை நினைதல் நம் கடனாகும்.