அணைநீருக்கு இடம்விட்ட ஆலயங்கள்

நைல் நதியில் லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையே ஓடும் உல்லாசக் கப்பல்களில் வருவோர் அஸ்வானில் இறங்கி, சிறு படகேறிச் சென்று காணும் பிலே ஆலயம், இன்று அது நிற்கும் அகில்கியா தீவில் கட்டப்பட்டதன்று. இசிஸ் என்னும் தாய்த்தெய்வத்துக்காகக் கிரேக்க மரபினரான தாலமி மன்னர்கள் விரிவாக எழுப்பிய அவ்வாலயம், 1902இல் அஸ்வானின் முதல் அணை நிறைவுற்றபின் ஆண்டின் பெரும்பகுதியை நீருக்குள்ளேயே கழித்தது. அக்காலப் பயணிகள் தூண்களுக்கு இடையே படகில் சென்று அதனைப் பார்த்தனர். பின்னர் அஸ்வான் உயர் அணையும் கட்டப்பட்டபோது, யுனெஸ்கோவின் முயற்சியால், ஆலயம் முதலில் நின்ற தீவைச் சுற்றித் தடுப்புச்சுவர் அமைத்து, நீரை இறைத்து, ஏறத்தாழ 40,000 கற்களாக ஆலயத்தைப் பிரித்து, அருகிலிருந்த உயர்ந்த தீவில் மீண்டும் அடுக்கினர். 1980இல் அது மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் இலங்கையிலும் இத்தகைய இடமாற்றம் ஒன்று நிகழ்ந்தது. அதற்குக் காரணமான நீர் கண்டி மாவட்டத்து மடவளைக்கு அண்மையிலிருந்தே புறப்பட்டது. பொல்கொல்லையில் மகாவலிக்குக் குறுக்கே 1976இல் இயங்கத் தொடங்கிய அணை, ஆற்றுநீரின் ஒரு பகுதியை ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்புகிறது. அங்கே மின்சாரம் பிறப்பித்த நீர் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்து, போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து, பின்னர் வறண்ட வலயத்தின் வயல்களுக்குச் செல்கிறது. அந்நீர்த்தேக்கம் பரவவிருந்த தாழ்நிலத்தில், வயல்களின் நடுவே நின்றதுதான் நாலந்தா கெடிகே.

கெடிகே என்பது மரக்கூரையின்றிக் கல்லாலோ செங்கல்லாலோ மேற்கூரை வரை கட்டப்படும் பௌத்தப் படிமமனை. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாக ஆய்வாளர் கணிக்கும் நாலந்தாக் கட்டடமோ, கருவறையும் மண்டபமும் விமானமுமாக, மாமல்லபுரத்துப் பல்லவர் கோயில்களின் உறவை முதற்பார்வையிலேயே காட்டுவது. விமானத்தின் தென்புறத்தில், குதிரை இலாட வடிவினதாகிய ‘கூடு’ என்னும் அலங்கார வளைவினுள் குபேரன் அமர்ந்திருக்கிறான். வாசலிலோ அனுராதபுர மரபுக்குரிய சந்திரவட்டக்கல் கிடக்கிறது. திராவிடக் கட்டடக்கலை தமிழருக்கும் பௌத்தம் சிங்களவருக்கும் மட்டுமே உரியவை என்று பங்கிடுவோர் வந்து பார்க்கவேண்டிய கட்டடம் இதுவே. இரண்டையும் தயக்கமின்றி இணைத்த சிற்பியரின் துணிவு ஈழத்துக் கலைவரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை.

கல் கல்லாகப் பிரிக்கப்பட்ட இக்கட்டடம், நீர்மட்டத்துக்கு மேலான மேட்டில் திரும்ப எழுப்பப்பட்டது. வயல்களுக்கு நீர் தேவை என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு படிமமனையைச் சூழ்ந்திருந்த நிலத்தையும் வழிகளையும் கற்களோடு பெயர்த்தெடுக்க இயலாது என்பதால், பழைய இருப்பிடம் எது என்பதை இங்கு வருவோருக்குச் சொல்வது வழிகாட்டிகளின் கடமையாகிறது. பிலேயில் படகோட்டிகள்கூடத் தம் ஆலயம் இடம்மாறிய கதையைச் சொல்வர். மடவளையிலிருந்து செல்வோர் வத்துகாமம், உக்குவளை வழியாக மாத்தளையை அடைந்து, தம்புள்ளை வீதியில் வடக்கே சென்று, நாவுலவுக்கு முன்னரே கிழக்கே திரும்பினால், நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதையில் நடந்து கெடிகேயை அடையலாம்.