கணினிப் பொறியியல் பட்டம்: கல்விக் கடனும் தொடக்க ஊதியமும்

புதுதில்லி: கணினிப் பொறியியல் பட்டப்படிப்பில் சேர விரும்பும் மாணவர்களின் குடும்பத்தினர் கண்ணில் முதலில் படுவது, கல்லூரி விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் அதிகபட்ச ஆண்டு ஊதியம். ஆனால், அந்தத் தொகையைப் பெறுபவர் ஒரு சிலரே. கடன் வாங்கிப் படிப்பவர் கணக்கில் கொள்ள வேண்டியது, அதே கல்லூரியில் நடுத்தர நிலையில் தேர்ச்சி பெறும் மாணவர் முதல் ஆண்டில் ஈட்டும் ஊதியத்தையும், அந்த நாள் வருவதற்குள் கடன் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பதையுமே.

வங்கிகள் பெரும்பாலும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தைப் பின்பற்றுகின்றன. அதன்படி, படிப்புக் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஓராண்டிலும் தவணை செலுத்த வேண்டியதில்லை. அதன்பிறகு 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். கடன் ரூ.7.5 லட்சத்தைத் தாண்டினால் வீடு, நிலம், வைப்புத்தொகை போன்ற சொத்துப் பிணை கேட்கப்படும். பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவதால், தவணை தவறினால் அவர்களது கடன் மதிப்பெண்ணும் சேர்ந்தே சரியும்.

கடன் வளரும் விதம்

தவணைக்குத்தான் விடுப்பு உண்டு, வட்டிக்கு இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. உதாரணமாக, ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் ரூ.8 லட்சம் கடன் பெறப்படுவதாகவும், வட்டி 10 சதவீதம் எனவும் கொள்வோம். முதல் ஆண்டுத் தொகைக்கு ஐந்து ஆண்டுகளும், கடைசி ஆண்டுத் தொகைக்கு இரண்டு ஆண்டுகளும் தனிவட்டி சேரும். முதல் தவணை செலுத்தும் நாளில் நிலுவை ரூ.10.8 லட்சமாக இருக்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதந்தோறும் சுமார் ரூ.14,270 தேவை. காலத்தை 15 ஆண்டுகளாக நீட்டித்தால் தவணை ரூ.11,600 ஆகக் குறையும். ஆனால், மொத்தமாகச் செலுத்தும் தொகை ஏறக்குறைய ரூ.17.1 லட்சத்திலிருந்து ரூ.20.9 லட்சமாக உயரும்.

மறுபக்கம் ஊதியம். பெரிய தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளுக்கு வழங்கும் அடிப்படை நிலை ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு ரூ.3 லட்சத்துக்கும் ரூ.4 லட்சத்துக்கும் இடையிலேயே நிற்கிறது. விலைவாசி இக்காலத்தில் நிற்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. வேலை உறுதிக் கடிதத்தில் உள்ள தொகையும் நிலையானதல்ல. 2023 பிப்ரவரியில் விப்ரோ நிறுவனம், ரூ.6.5 லட்சம் ஊதியத்துக்குப் பயிற்சி முடித்துக் காத்திருந்த இளைஞர்களிடம், ரூ.3.5 லட்சத்துக்குச் சேர விருப்பமா என்று கேட்டது நாடு முழுவதும் பேசப்பட்டது.

ஆண்டுக்கு ரூ.3.5 லட்சம் என்றால், வருங்கால வைப்பு நிதி உள்ளிட்ட பிடித்தங்கள் போக மாதம் கைக்கு வருவது சுமார் ரூ.25,000. மேற்கண்ட ரூ.14,270 தவணை இதில் பாதியைத் தாண்டுகிறது. பெங்களூரிலோ புணேயிலோ ஓர் அறைக்கு வாடகை கொடுத்து, உணவுச் செலவையும் பார்த்துக்கொள்ள எஞ்சுவது ரூ.11,000க்கும் குறைவு. திறமையுள்ளவருக்குச் சில ஆண்டுகளில் ஊதியம் உயரவே செய்யும். எனினும், முதல் மூன்று ஆண்டுகளைக் கடப்பதே கடினம். பெற்றோரின் கை மீண்டும் தேவைப்படுவது அப்போதுதான்.

இடைநிலை ஊதியத்தை அறிவது எப்படி?

மத்திய கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள், தாங்கள் சமர்ப்பித்த தரவுகளைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் தேர்ச்சி பெற்றவர்கள், வேலை பெற்றவர்கள், உயர்கல்விக்குச் சென்றவர்கள் ஆகியோரின் எண்ணிக்கையுடன் இடைநிலை ஊதியமும் அதில் இருக்கும். ஊதியங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் சரியாக நடுவில் வரும் தொகையே இடைநிலை ஊதியம். ஆனால், வேலை பெற்றவர்களை மட்டுமே கொண்டு அது கணக்கிடப்படுகிறது. எனவே, தேர்ச்சி பெற்றவர்களில் எத்தனை பேர் வேலை பெற்றனர் என்பதையும் அருகிலேயே பார்ப்பது அவசியம். மேலும், அது கல்லூரியின் அனைத்துப் பிரிவுகளுக்கும் பொதுவான தொகை; கணினிப் பிரிவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் படிப்பு வாரியாகக் கடனும் வருமானமும் அருகருகே காட்டப்படுகின்றன. என்ஐஆர்எஃப் பட்டியலில் கடனுக்கு இடமில்லை.

கடன் சுமையைக் குறைக்கச் சில வழிகள் உள்ளன. 2024 நவம்பர் 6-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தின்கீழ், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேருவோர் பிணையின்றிக் கடன் பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சம் வரை உள்ளவர்களில் தகுதியுள்ளோருக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு விடுப்புக் காலத்தின் முழு வட்டியையும் அரசே ஏற்கும் திட்டமும் நடைமுறையில் உள்ளது. ஐஐடிகளில் ரூ.1 லட்சத்துக்கும் குறைவான வருமானமுள்ள குடும்பத்தினருக்குப் பயிற்சிக் கட்டணம் முழுமையாகவும், ரூ.5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடி செய்யப்படுகிறது.

வட்டிக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும் என்று சொல்லப்படுவது உண்மைதான். ஆனால், அது பழைய வரி முறையில் மட்டுமே. ஆண்டுக்கு ரூ.3.5 லட்சம் பெறுபவருக்கு வரியே இல்லை என்பதால், தொடக்க ஆண்டுகளில் அச்சலுகையால் பயனில்லை. அதைவிட, படிக்கும்போதே வட்டியை மட்டும் குடும்பத்தார் செலுத்திவருவது பலன் தரும். மேற்கண்ட உதாரணத்தில் நிலுவை ரூ.8 லட்சத்திலேயே நின்று, பத்து ஆண்டுத் தவணை மாதம் சுமார் ரூ.3,700 குறையும்.

பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று ஆண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேருவது மற்றொரு வழி. மேல்நிலைக் கல்வி வழியாகப் படிப்பவருக்கும் இவருக்கும் ஆகும் காலம் ஒன்றே. பட்டப்படிப்புக் கட்டணமோ மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். அதே ஆண்டுக் கட்டணத்தில் கடன் ரூ.6 லட்சத்துடன் நின்றுவிடுவதால் சொத்துப் பிணை தேவைப்படாது; பத்து ஆண்டுத் தவணை சுமார் ரூ.10,300 ஆக இருக்கும். டிப்ளமோ படிப்புக்கான செலவு இதில் சேராது. இவ்வழியில் கிடைக்கும் இடங்கள் குறைவு என்பதால் டிப்ளமோவில் நல்ல மதிப்பெண் அவசியம்.