பிரெஞ்சுச் சிற்றூர்களின் சலவைத்துறைகள்

ஓர் ஊரின் வரலாறு அதன் தேவாலயத்திலும் கோட்டையிலும் மட்டுமே பதிந்திருப்பதன்று, நீர்த்துறையிலும் பதிந்துள்ளது. பிரான்சு நாட்டுச் சிற்றூர்களில் 'லவுவார்' என வழங்கும் பொதுச் சலவைத்துறைகள் இதற்குத் தக்க சான்றாவன. அவற்றை எழுப்பியோர் பற்றிய செய்திகள் ஊர் ஆவணங்களில் உள்ளன. அங்கே முழந்தாளிட்டு உழைத்த பெண்டிரின் பெயர்களோ அரிதாகவே எழுதப்பெற்றன.

நீர் சென்ற வழி

இத்துறைகள் பல ஊற்றையொட்டி அமைந்தவை. ஊற்றுநீர் முதலில் குழாய்வழி வீழும். மக்கள் குடிநீர் முகப்பது அங்கே. வழிந்த நீர் கால்நடைகளின் தொட்டிக்குச் செல்லும். அதன் பின்னரே சலவைத் தொட்டியை அடையும். தூய்மை கெடாதிருக்க வகுத்த முறை இது.

பர்கண்டிப் பகுதியின் தொன்னேர் என்னும் சிறுநகரில், ஃபோஸ் தியோன் ஊற்றைச் சுற்றி 1758-இல் வட்டவடிவச் சலவைத்துறை அமைக்கப்பெற்றது. வேறு சில ஊர்களில் கூரை தொட்டியை நோக்கி உட்சரிந்து, மழைநீரையும் அதிற் சேர்க்கும். நீர்மட்டத்திற்கேற்பப் பலகைத் தளத்தைச் சங்கிலியால் ஏற்றி இறக்கும் அமைப்பும் சிலவற்றில் உண்டு.

எனினும், இத்துறைகள் பெருகியது 19-ஆம் நூற்றாண்டிலேயே. 1832-இல் பரவிய காலரா பெரும் உயிர்ச்சேதம் விளைவித்தது. தூய்மை அரசின் கவலையாயிற்று. இரண்டாம் குடியரசு 1851 பிப்ரவரி 3-ஆம் நாள் இயற்றிய சட்டம், முன்மாதிரியான பொதுக் குளியலிடங்களும் சலவைத்துறைகளும் அமைக்க விரும்பும் ஊர்களுக்கு உதவ 6 இலட்சம் பிராங்கு ஒதுக்கியது.

மூன்று நாள் உழைப்பு

வீட்டின் படுக்கை விரிப்புகளும் உள்ளாடைகளும் ஒருங்கே வெளுக்கப்பட்ட 'பெருஞ்சலவை' ஆண்டிற்குச் சில முறையே நிகழ்ந்தது. முதல்நாள் துணிகளை ஊறவைப்பர். மறுநாள் அவற்றைப் பெருந்தொட்டியில் அடுக்கி, மேலே மரச்சாம்பல் பரப்பி, சுடுநீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுவர். சாம்பலின் காரம் அழுக்கை அகற்றும். மூன்றாம் நாள் தள்ளுவண்டியில் ஏற்றித் துறைக்குக் கொணர்ந்து, மரமட்டையால் அடித்து அலசுவர். இம்மூன்று நாட்களையும் முறையே உத்தரிப்பிடம், நரகம், மோட்சம் எனச் சில பகுதிகளில் அழைத்தனர்.

அந்த 'மோட்சத்தின்' இயல்பு நோக்கத்தக்கது. வைக்கோல் இட்ட மரப்பெட்டியில் முழந்தாளிட்டு, குளிர்காலத்தில் பனிக்கட்டியை உடைத்து, விறைத்த கைகளால் ஈரத்துணியைப் பிழிந்த நாள் அது. நனைந்த துணியின் சுமை வீடு திரும்பும்போது இருமடங்காயிற்று.

பெண்டிரின் மன்றம்

ஆடவர்க்கு மதுக்கடை இருந்தது. பெண்டிர்க்குச் சலவைத்துறையே கூடுமிடமாயிற்று. ஊர்ச்செய்தி அனைத்தும் அங்கே அலசப்பட்டது. ஒரு வீட்டின் நோயையும் பிறப்பையும் வறுமையையும் அதன் துணியே அறிவித்துவிடும். எனவே அத்துறை துணையாகவும் இருந்தது, கண்காணிப்பாகவும் இருந்தது.

மானிடவியலாளர் இவோன் வெர்தியே, பர்கண்டியின் மினோ என்னும் சிற்றூரை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட நூலில், சலவைக்கும் வாழ்வின் தொடக்க முடிவுகளுக்கும் உள்ள உறவை விளக்கினார். பிறந்த குழந்தையையும் இறந்தவர் உடலையும் நீராட்ட அழைக்கப்பெற்ற பெண்ணின் நிலையை அந்நூல் பதிவு செய்கின்றது. பெரிய வெள்ளியன்று துணி வெளுப்பது சாவை அழைப்பதாகும் என்ற நம்பிக்கையும் சிற்றூர்களில் நிலவியது. இரவில் பிணத்துணி அலசும் பெண்களின் கதைகள் பிரித்தானியிலும் பெரியிலும் வழங்கின. ஜார்ஜ் சாண்ட் 1858-இல் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைநூலில் அவர்கள் இடம்பெற்றனர். நீருக்கும் சாவுக்கும் நடுவே வெளுப்பவளை நிறுத்திய மக்கள் மனத்தின் ஆழத்தை இவை உணர்த்துகின்றன.

எஞ்சிய கல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுதோறும் குழாய்நீரும் சலவை இயந்திரமும் வந்தன, துறைகள் ஓய்ந்தன. அழிந்தவை போக எஞ்சியவை பல, இன்று செப்பனிடப்பட்டுப் பூந்தொட்டிகளுடன் பொலிகின்றன.

அவ்வெழில் மகிழ்வளிப்பதே. ஆயினும் தொட்டியின் விளிம்புக் கற்கள் சில தேய்ந்து வழவழப்பாயிருப்பதைக் காண்போர், அவற்றைச் சிற்பியின் வேலை என்று எண்ணிவிடலாகாது. தலைமுறை தலைமுறையாகத் துணியும் கையும் தேய்த்த தேய்வு அது. கட்டிய ஆண்டைக் கூறும் பலகையில் அவ்வுழைப்பும் குறிக்கப்படுமாயின், அத்துறைகளின் வரலாறு முழுமை பெறும்.