முகமூடி போடாதவர்

குளம்படிச் சத்தம் – 11

சென்ற வாரம் தொலைக்காட்சித் தொடர் நாயகன் லோன் ரேஞ்சரின் முகமூடி எப்படி வந்தது என்று பார்த்தோம். மலையிடுக்கில் ஆறு ரேஞ்சர்களைக் கொள்ளைக்கூட்டம் மடக்கிச் சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். குற்றுயிராய்க் கிடந்த ஆறாவது ஆளைத் தூக்கிப் போய்ப் பிழைக்கவைத்தவன் டோன்டோ என்ற பழங்குடி ஆள். கதைக்கணக்கில் பிழைத்தவன் நாயகன் ஆனான். பிழைக்கவைத்தவன் எடுபிடி ஆனான். இந்த வாரம் அந்த எடுபிடியின் முறை.

டோன்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸின் இயற்பெயர் ஹரால்ட் ஸ்மித். 1912இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கிராண்ட் நதிக்கரையிலுள்ள சிக்ஸ் நேஷன்ஸ் பழங்குடி நிலத்தில் பிறந்த மோஹாக் இனத்தவர். (நம் பத்திரிகைகள் இன்னும் ‘செவ்விந்தியர்’ என்றுதான் எழுதுகின்றன. கொலம்பஸ் வழிதப்பியதற்கு நாம் ஏன் இன்னும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோமோ!) அப்பா முதல் உலகப்போரில் கனடாப் படையின் அதிகாரியாக இருந்து பதக்கம் வாங்கியவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பையனுக்குக் கால்தான் சொத்து. கோல் நுனியில் கட்டிய வலையில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடும் லக்ராஸ், அவருடைய முன்னோர்கள் ஆடிவந்த ஆட்டம். 1931இல் கனடாவில் அதை மூடிய அரங்குக்குள் ஆடும் புது வடிவம் வந்தது. டிக்கெட் போட்டு நடத்தினார்கள். அதில் பெயரெடுத்தவர் ஸ்மித். ‘சில்வர்ஹீல்ஸ்’, அதாவது வெள்ளிக் குதிகால் என்பதே மைதானத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் என்பார்கள். இடையில் குத்துச்சண்டையும் போட்டார். லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஆட வந்த இடத்தில் நகைச்சுவை நடிகர் ஜோ இ. பிரவுன் பார்த்து, சினிமாவுக்கு வா என்றார்.

வந்தார். கூட்டத்தில் ஒருவர், குதிரையிலிருந்து விழுபவர், அம்பு பட்டுச் சாய்பவர் என்று பத்து வருடம் போனது. 1947இல் ‘கேப்டன் ஃப்ரம் காஸ்டீல்’, 1948இல் ஹம்ஃப்ரி போகார்ட்டுடன் ‘கீ லார்கோ’ என்று முகம் தெரிய ஆரம்பித்தது. ‘ப்ரோக்கன் ஆரோ’ (1950) படத்தில் ஜெரோனிமோ இவர்தான். ஆனால் அதே படத்தில் அப்பாச்சிகளின் தலைவன் கொச்சீஸாக நடித்தவர் புரூக்ளினில் பிறந்த யூதரான ஜெஃப் சாண்ட்லர். ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்கே கிடைத்தது. அந்தக் கால ஹாலிவுட்டில் பழங்குடித் தலைவனுக்குத் தேவை பழங்குடி ரத்தமல்ல, நல்ல மேக்கப்மேன்!

1949 செப்டம்பர் 15 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் ‘த லோன் ரேஞ்சர்’ தொடங்கியது. அதற்கு முன் 1933 முதல் டெட்ராய்ட் வானொலியில் ஓடிய தொடர் அது. வானொலியில் டோன்டோவுக்குக் குரல் கொடுத்தவர் ஜான் டாட் என்ற வெள்ளைக்கார நடிகர். குரலுக்கு நிறம் கிடையாதே, யாரும் கேட்கவில்லை. திரையில் அது நடக்காது. அதனால்தான் சில்வர்ஹீல்ஸ் உள்ளே வந்தார்.

வந்தவருக்கு வானொலி டோன்டோவின் பேச்சு அப்படியே காத்திருந்தது. லோன் ரேஞ்சர் கொச்சை பேசக் கூடாது, இலக்கணம் பிசகக் கூடாது என்பது அந்தத் தொடரின் எழுத்தாளர்களுக்கு இட்ட கண்டிப்பான விதி. ஆள் காட்டில் திரிந்தாலும் வாத்தியார் மாதிரிதான் பேசுவார். டோன்டோவுக்கு நேர் எதிர் விதி. ‘நான் போகிறேன்’ என்பதை ‘என்னை போ’ என்கிற மாதிரியான ஆங்கிலம். ராணுவ அதிகாரி வீட்டில் வளர்ந்து, மற்ற நேரத்தில் சரளமாக ஆங்கிலம் பேசிய மனிதர், கேமரா ஓடத் தொடங்கியதும் இலக்கணத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச வேண்டும். உடைந்த பேச்சை உடையாத முகத்தோடு பேசினார் பாருங்கள், அதைத்தான் நான் அவருடைய நடிப்பு என்பேன். போதாததற்குப் பெயர் வேறு: ஸ்பானிய மொழியில் ‘டோன்டோ’ என்றால் முட்டாள். ஸ்பானிய மொழியில் அந்தப் பாத்திரத்தை ‘டோரோ’, அதாவது காளை என்று மாற்ற வேண்டியதாயிற்று.

ஒரு விசித்திரம். இரண்டு பருவங்கள் முடிந்ததும் நாயகன் கிளேட்டன் மூர் விலகினார். சம்பளத் தகராறு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். தயாரிப்பாளர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. ஜான் ஹார்ட் என்பவருக்கு அதே முகமூடியைக் கட்டி 52 பகுதிகள் எடுத்தார்கள். பிறகு மூரே திரும்பி வந்தார். இந்தப் போக்குவரத்து எல்லாவற்றிலும் டோன்டோ மட்டும் அதே டோன்டோ. இடையில் ஒரு முறை சில்வர்ஹீல்ஸுக்கு இதயக் கோளாறு வந்து படப்பிடிப்புக்கு வர முடியவில்லை. அப்போது இன்னொரு டோன்டோவைத் தேடவில்லை. லோன் ரேஞ்சரின் அண்ணன் மகனைத் துணைக்கு அனுப்பிச் சமாளித்தார்கள். நாயகனுக்கு ஆள் மாற்ற ஒரு துண்டுத் துணி போதும். முகமூடி இல்லாதவனுக்கு ஆள் மாற்ற வழியில்லை!

1957 வரை மொத்தம் 221 பகுதிகள். கூடவே 1956, 1958இல் இரண்டு சினிமாக்கள். அதன்பின் அவருக்கு வந்ததெல்லாம் டோன்டோவின் நிழல்தான். ‘ட்ரூ கிரிட்’ (1969) படத்தில் தூக்குமேடையில் நிற்கும் கைதி. சில நிமிட வேஷம். ஜானி கார்சனின் இரவு நிகழ்ச்சியில் வேலை தேடி வரும் டோன்டோவாக, பழைய முதலாளியைப் பற்றிப் புலம்பிச் சிரிக்க வைத்தார். ஆனால் அந்தப் புகழைச் சும்மா விடவும் இல்லை. 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் பழங்குடி இளைஞர்களுக்கு நடிப்புப் பயிற்சி தரும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். பழங்குடி வேஷத்தைப் பழங்குடியே போட வேண்டும் என்றால், போடத் தெரிந்தவர்கள் தயாராக இருக்க வேண்டுமல்லவா? பிற்பாடு குதிரை வண்டிப் பந்தயத்தில் இறங்கினார். குதிரை மட்டும் அவரை விடவில்லை.

1979 கோடையில் இரண்டு சம்பவங்கள். ஜூலையில் ஹாலிவுட் நடைபாதையில் சில்வர்ஹீல்ஸுக்கு நட்சத்திரம் பதித்தார்கள்.  ஆகஸ்டில், ஊர் ஊராக முகமூடியோடு தோன்றிக்கொண்டிருந்த கிளேட்டன் மூரை, பாத்திரத்தின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் நீதிமன்றத்தில் தடுத்து நிறுத்தியது. மனிதர் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு ஊர்சுற்றலைத் தொடர்ந்தார்.

சில்வர்ஹீல்ஸ் 1980 மார்ச் 5 அன்று காலமானார். மூருக்கு நடைபாதையில் இடம் கிடைக்க 1987 ஆயிற்று. அந்தக் கல்லில் அவர் பெயரோடு ‘லோன் ரேஞ்சர்’ என்ற பெயரையும் சேர்த்தே பொறித்தார்கள். எட்டு வருடம் முன்பே பதித்த மற்றக் கல்லில் டோன்டோ இல்லை. ஜே சில்வர்ஹீல்ஸ் என்று மட்டும் இருக்கிறது.

(குளம்படி தொடரும்)