லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவர்

லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்குப் பகுதியில் அமைந்துள்ள ஒரு சுவரோவியம் ஆகும். துஹங்கா ஓடை எனப்படும் வெள்ள வடிகாலின் காங்கிரீட்டுச் சுவரில் இது தீட்டப்பட்டுள்ளது. இதன் நீளம் 2,754 அடி (ஏறத்தாழ 840 மீட்டர்). கலிபோர்னியாவின் வரலாறு என்பதே இதற்கு முதலில் இடப்பட்ட பெயர். ஓவியர் ஜூடித் பாக்காவின் தலைமையில் 400 இற்கும் மேற்பட்ட இளைஞர்களும் பல ஓவியர்களும் வரலாற்றாய்வாளர்களும் சேர்ந்து 1976, 1978, 1980, 1981, 1983 ஆகிய ஐந்து ஆண்டுகளின் கோடைகாலங்களில் இதை உருவாக்கினர்.

உலகின் மிக நீண்ட சுவரோவியங்களுள் ஒன்று என்றே இது பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. எனினும் இதன் சிறப்பு நீளத்தில் இல்லை. ஒருவரோடொருவர் பகைமை கொண்டிருந்த குடியிருப்புகளின் இளைஞர்கள் ஒரே சாரத்தில் நின்று வேலை செய்ததும், எந்த வரலாற்றைத் தீட்டுவது என்று அவர்கள் கூடிப் பேச நேர்ந்ததும்தான் இத்திட்டத்தைப் பிற நகர அழகுபடுத்தும் பணிகளில் இருந்து வேறுபடுத்துகின்றன.

ஓடையும் சுவரும்

துஹங்கா ஓடை லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றின் துணையாறு. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இவ்வாறுகள், குளிர்கால மழையின்போது மலைகளில் இருந்து வரும் நீரால் திடீரெனப் பெருக்கெடுக்கும் இயல்புடையவை. 1938 ஆம் ஆண்டு வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தொடர்ந்து, அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை ஆற்றையும் அதன் கிளைகளையும் காங்கிரீட்டு வாய்க்கால்களாக மாற்றியது. நீரை இயன்ற அளவு விரைவாகக் கடலுக்குக் கொண்டு சேர்ப்பதே நோக்கம். பொறியியல் நோக்கில் இது வெற்றியே. ஆனால் ஆறு என்று சொல்லத்தக்க எதுவும் அங்கு எஞ்சவில்லை. வேலியிட்ட, மனிதர் இறங்காத, நேர்கோடான ஒரு பள்ளமே எஞ்சியது. ஆறு ஓடிய இடத்தில் உள்ள தழும்பாகவே பாக்கா அதைக் கண்டார். அத்தழும்பின் மேல் பச்சை குத்துவது போன்றதே இவ்வோவியம் என்று அவர் பிற்காலத்தில் விளக்கினார்.

வாய்க்காலின் கரையில் சிறு பூங்கா ஒன்றை அமைக்கும் திட்டத்தின் பகுதியாகச் சுவரோவியம் தீட்ட இயலுமா என்று 1974 இல் பாக்காவை அணுகியதும் அதே பொறியாளர் படைதான்.

ஜூடித் பாக்கா

1946 இல் பிறந்த பாக்கா, சிக்கானோ எனப்படும் மெக்சிக்க வழி அமெரிக்கர். லாஸ் ஏஞ்சலசின் வாட்ஸ் பகுதியிலும், பின்னர் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கின் பக்கோய்மாவிலும் வளர்ந்தார். 1970 இல் நகரின் பூங்காத் துறையில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றியபோது, கிழக்குப் பகுதியின் நான்கு வெவ்வேறு தெருக்கும்பல்களைச் சேர்ந்த இருபது பேரைக் கொண்டு ஒரு குழுவை அமைத்தார். அக்குழு ஹாலன்பெக் பூங்காவின் திறந்தவெளி மேடையில் கைகளை விரித்து நிற்கும் ஒரு பாட்டியின் உருவத்தைத் தீட்டியது. ஒரு கும்பலின் எல்லைக்குள் மற்றொரு கும்பலைச் சேர்ந்தவர் கால் வைப்பதே ஆபத்தாக இருந்த நாட்களில், பொதுப் பூங்கா ஒன்றில் நால்வகையினரும் சேர்ந்து நின்றது எளிய செய்தி அன்று. பாட்டியைத் தேர்ந்ததும் தற்செயலாகத் தோன்றவில்லை. எந்தக் கும்பலைச் சேர்ந்தவனுக்கும் அவர் பொதுவானவர்.

1976 இல் பாக்கா, ஓவியர் கிறிஸ்டினா ஷ்லெசிங்கர், திரைப்பட இயக்குநர் டோனா டீச் ஆகியோர் சமூக மற்றும் பொதுக்கலை வள மையத்தை (சுருக்கமாக ஸ்பார்க்) நிறுவினர். வெனிஸ் பகுதியின் பழைய காவல் நிலையக் கட்டடத்தில் இம்மையம் இயங்கலானது. பெருஞ்சுவரே இதன் முதல் பெரும் பணி.

பணி நடந்த விதம்

முதல் கோடையில் குற்றவியல் நீதித் துறையினால் அனுப்பப்பட்ட 80 இளைஞர்கள், 10 ஓவியர்கள், 5 வரலாற்றாய்வாளர்கள் பங்கேற்றனர். அந்த ஒரு கோடையிலேயே 1,000 அடி நீளம் தீட்டப்பட்டது. இளைஞர்கள் தொண்டர்களாகவோ தண்டனை அனுபவிப்பவர்களாகவோ அன்றி, ஊதியம் பெறும் பணியாளர்களாகச் சேர்க்கப்பட்டனர். இவ்வேறுபாடு முக்கியமானது. பலருக்கும் இதுவே வாழ்வின் முதல் வேலை. நேரத்திற்கு வரவேண்டும், பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் சேர்ந்து வேலை செய்யவேண்டும் என்பன வேலையின் பகுதியாகவே அமைந்தன. தனியே நல்லிணக்கப் பாடம் எதுவும் தேவைப்படவில்லை.

தூரிகையைத் தொடுவதற்கு முன்பே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். வரலாற்றாய்வாளர்கள் பாடம் எடுத்தனர். நிகழ்வுகளை நேரில் அறிந்த முதியோரும் வந்து பேசினர். அவற்றைக் கொண்டு வரைவுகள் உருவாயின. ஓர் அங்குலத்திற்கு ஓர் அடி என்னும் அளவில் கட்டட வரைபடம் போன்றே முழு ஓவியமும் தாளில் வரையப்பட்டது. பின்னர் சுவரைச் சுத்தம் செய்து, வெள்ளை பூசி, கட்டங்கள் இட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதை அப்படியே பெரிதாக்கினர். இம்முறையின் நன்மை வெளிப்படையானது: ஓவியப் பயிற்சியே இல்லாத ஒருவரும் தமக்குரிய கட்டத்தைப் பிழையின்றி நிரப்ப முடியும். எனினும் பக்கத்துக் கட்டத்தின் கோடுகளோடு தம் கோடுகள் பொருந்தவேண்டும் என்பதால், அங்கு நிற்பவரோடு பேசாமல் இருக்க முடியாது.

மழைக்காலத்தில் வாய்க்காலில் வெள்ளம் வரும் என்பதால் வேலை கோடையில் மட்டுமே நடந்தது. நிழலற்ற காங்கிரீட்டுப் பள்ளத்தில் கோடை வெயில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இடைப்பட்ட காலம் நிதி திரட்டுவதிலும் அடுத்த பகுதிக்கான ஆய்விலும் சென்றது.

1976 ஆம் ஆண்டுப் பகுதியில் ஒவ்வோர் ஓவியரும் தம் குழுவுடன் தனித்தனிச் சட்டங்களைத் தீட்டினர். இதனால் அப்பகுதியில் பாணிகள் அடிக்கடி மாறுகின்றன. 1977 இல் பாக்கா மெக்சிக்கோவின் குவேர்னவாக்கா நகரில், சுவரோவிய மேதை டேவிட் அல்பாரோ சிக்கெய்ரோசின் பட்டறையில் பயின்றார். அதன்பின் வந்த பகுதிகளில் காட்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்தோடுவதைக் காணலாம். ஒருமை கூடியபோது வடிவமைப்பின் மீதான பாக்காவின் பிடியும் கூடியது. கூட்டுப்பணி என்றவுடன் ஒவ்வொருவரும் விரும்பியதை வரைந்தனர் என்று கொள்வது தவறு. இறுதி முடிவு பெரும்பாலும் தலைமை ஓவியரிடமே இருந்தது.

சுவர் சொல்லும் வரலாறு

ஓவியம் வரலாற்றுக்கு முற்பட்ட விலங்குகளில் தொடங்கி, சூமாஷ் பழங்குடியினர், எசுப்பானியர் வருகை, தங்க வேட்டை என்று நகர்கிறது. முதல் 1,000 அடி 1910 அளவில் முடிகிறது. பிற்பகுதிகள் ஏறத்தாழ 350 அடிக்கு ஒரு பத்தாண்டு என்ற கணக்கில் 1950கள் வரை செல்கின்றன.

பள்ளிப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்த, அல்லது கடக்கவே செய்யாத நிகழ்வுகளே இங்கு பெரும்பகுதியை நிரப்புகின்றன. 1781 இல் நகரை நிறுவிய 44 குடியேறிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் என்பது அவற்றுள் ஒன்று. 1871 இல் சீனர்கள் கொல்லப்பட்டது, 1930களில் மெக்சிக்க வழி அமெரிக்கர்கள் பெருந்தொகையாக நாடு கடத்தப்பட்டது, இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டது ஆகியனவும் இடம்பெறுகின்றன. பங்கேற்ற இளைஞர் பலருக்கு இவை தம் சொந்தக் குடும்பத்தின் கதைகள். பக்கத்தில் நின்றவரின் குடும்பத்திற்கும் அத்தகைய கதை உண்டு என்பதுதான் பலருக்குப் புதிய செய்தி.

1950களைக் காட்டும் பகுதி கலை நோக்கில் சிறந்தது எனலாம். குடியிருப்புகளைப் பிளந்து சென்ற விரைவுச்சாலைகள் ஒரு குடும்பத்தைச் சுற்றிப் பிரிக்கும் பாம்புகளாக வளைகின்றன. அருகில் சாவேஸ் ரவீன் மக்கள் வெளியேற்றப்பட, அவர்கள் நிலத்தில் பின்னர் எழுந்த டாட்ஜர் விளையாட்டரங்கம் விண்கலம் போல வானில் இருந்து இறங்குகிறது. மற்றொரு காட்சியில், போர்க்கால ஆலைகளில் உழைத்த பெண்ணைத் தொலைக்காட்சிப் பெட்டி உறிஞ்சி வீட்டுக்குள் இழுக்கிறது.

பராமரிப்பும் நீட்டிப்பும்

வெயில், புகை, அவ்வப்போது வரும் வெள்ளம் ஆகியவற்றால் வண்ணங்கள் மங்கின. விரிவான புதுப்பிப்புப் பணி 2011 இல் நிறைவடைந்தது. நகரின் மற்ற சுவரோவியங்களின் நிலை இதைவிட மோசம். விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்தும் விதிகளில் சிக்கியதால், 2013 வரை ஏறத்தாழ பத்தாண்டுகள் தனியார் சுவர்களில் புதிய சுவரோவியங்களுக்கு அங்கு தடை இருந்தது. புதுப்பிக்க ஆளில்லாத பல படைப்புகள் கிறுக்கல்களுக்கும் வெள்ளையடிப்புக்கும் இரையாயின. பெருஞ்சுவர் தப்பியதற்கு அதை உருவாக்கிய அமைப்பு கலையாமல் நின்றது முதன்மைக் காரணம்.

2017 இல் இது அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1960கள் முதல் அண்மைக்காலம் வரையிலான வரலாற்றைச் சேர்த்து ஓவியத்தை நீட்டிக்க 2021 இல் மெலன் அறக்கட்டளை 50 இலட்சம் டாலர் வழங்கியது. புதிய பகுதிகள் வாய்க்காலில் நேரடியாக அன்றித் தனிப் பரப்புகளில் தீட்டப்படுகின்றன. 2023 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சியில், ஓவியர்கள் இப்பணியைப் பார்வையாளர்கள் முன்னிலையிலேயே செய்தனர். அதே ஆண்டில் பாக்காவுக்கு அமெரிக்காவின் தேசியக் கலைப் பதக்கம் வழங்கப்பட்டது.